ஆர்பிங்டன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

லண்டனின் தென்கிழக்கு ஓரம், ஆர்பிங்டனில் குடியேறி இரண்டு வருடமாகிறது. காமன்வெல்த் குடிமகன் என்பதால் எனக்கும் இங்கே நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு உண்டாம், பெயரைப் பதியச் சொல்கிறார்கள். 1970-லிருந்து கன்சர்வேட்டிவ் கட்சியே ஜெயிக்கும் தொகுதி இது. தோட்டம், ரயில், வீட்டுக்கடன் தவிர வேறு சரித்திரம் இல்லாத ஊர். என் ஒரு ஓட்டால் என்ன ஆகப்போகிறது?

சுந்தர்

அன்புள்ள சுந்தர்,

முதலில் பெயரைப் பதியுங்கள். 2001-இல் உங்கள் தொகுதியில் ஜான் ஹோரம் ஜெயித்தது 269 ஓட்டில். உங்கள் தெருவையும் பக்கத்துத் தெருவையும் எண்ணினால் அவ்வளவு பேர் தேறுவார்கள். அந்தக் கேள்வி அதோடு சரி.

'சரித்திரம் இல்லாத ஊர்' என்று எழுதினீர்களே, அதற்குத்தான் எனக்குக் கோபம். இரண்டு வருடத்தில் ஒருவரிடமாவது கேட்டீர்களா? 1959-இல் கன்சர்வேட்டிவ் கட்சி 14,760 ஓட்டு வித்தியாசத்தில் வென்ற தொகுதி அது. 1962 மார்ச் 14-ஆம் தேதி நடந்த இடைத்தேர்தலில் லிபரல் கட்சியின் எரிக் லப்பக் அதை 7,855 ஓட்டு வித்தியாசத்தில் பிடித்தார். ரயிலேறி ஆபீஸ் போய், மாதாமாதம் வீட்டுக்கடன் கட்டிய அதே ஆட்கள் போட்ட ஓட்டு. 'ஆர்பிங்டன் மனிதன்' என்று அவர்களுக்குப் பெயரே வந்துவிட்டது. நான்கு மாதத்தில் கன்சர்வேட்டிவ் பிரதமர் மேக்மில்லன் ஏழு மூத்த அமைச்சர்களை வீட்டுக்கு அனுப்பினார்.

இதை எல்லோரும் சொல்வார்கள். என் மனதில் நிற்பது வேறு.

சில வருடங்களுக்கு முன் உங்கள் ஊரில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு மாலை செயின்ட் மேரி கிரே வரை நடந்தோம். ரயில் பாலத்தின் செங்கல் வளைவுகளுக்கு அடியில் கிரே ஆறு ஓடுகிறது. ஆறு என்று பெயர், நம் வாய்க்கால் அளவுதான். பக்கத்துப் புல்வெளியில் முளையடித்துக் கட்டிய ஒரு கறுப்பு வெள்ளைக் குதிரை. கயிறு எட்டிய வட்டம் மட்டும் ஒட்ட மேய்ந்திருந்தது. "ஜிப்சிகளுடையது" என்றார் நண்பர். சுற்றிலும் யாருமில்லை, ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

அந்தக் குரலை நான் மறக்கவில்லை. பக்கத்துக் கென்ட் மாவட்டத்து வயல்களில் பீருக்குப் போடும் ஹாப்ஸ் பூவும் பழமும் பறித்துத் திரிந்த ஜனம் அது. அறுபதுகளில் வண்டியை எங்கே நிறுத்தினாலும் விரட்டினார்கள். 1968-இல் தனிநபர் மசோதாவாகக் கேரவன் தளச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் இந்த லப்பக்தான். அவர்கள் தங்க உள்ளாட்சிகள் இடம் ஒதுக்கியே ஆகவேண்டும் என்றது அந்தச் சட்டம். ஓட்டுக் கணக்குப் போடுகிறவன் தொடுகிற விஷயமா அது? 1970-இல் அவர் தோற்றார். அதனால்தான் தோற்றார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தொகுதி கைவிட்டுப் போன பிறகும், ஏவ்பரி பிரபுவாக மேலவையில் உட்கார்ந்த பிறகும், 2016-இல் சாகும்வரை அவர்களுக்காகப் பேசிக்கொண்டே இருந்தார். இடம் தரும் அந்தக் கடமையை 1994-இல் அரசு ரத்து செய்துவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

தம்பி, வீட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் மட்டும் நடந்தது போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாலத்தடிக்குப் போய் வாருங்கள். குதிரை நின்றால் எனக்கு எழுதுங்கள்.