பாட்டியின் தையல் எந்திரமும் தேங்காய் எண்ணெயும்

கேள்வி: பாட்டி பயன்படுத்திய, கையால் சுற்றும் சிங்கர் தையல் எந்திரத்தைப் பரணிலிருந்து இறக்கினோம். அடித்தட்டின் வலப்புறத்தில் ‘ஒய்’ என்ற ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கங்களும் பொறித்திருக்கின்றன. அது எந்தக் காலத்தது? பொன்னிறச் சித்திரங்கள் அழியாமல் துடைப்பது எப்படி? சக்கரமும் சுற்ற மறுக்கிறது. பாட்டி அதற்குத் தேங்காய் எண்ணெய்தான் விடுவார்.
– வாசகி, காரைக்குடி

பதில்: நீங்கள் குறிப்பிடும் எழுத்து, ஸ்காட்லாந்தின் கிளைடுபாங்க் நகரிலிருந்த சிங்கர் ஆலைக்கு உரியது, 1920களிலும் 1930களின் முற்பகுதியிலும் அங்கு உருவான எந்திரங்களில் அது காணப்படுகிறது. (1900க்கு முந்தையவற்றில் எழுத்தே இராது, வெறும் எண்தான்.) வரிசை எண்களுக்கான ஆண்டுப் பட்டியல்களில் கிடைக்கும் தேதி, எண் ஒதுக்கப்பட்ட நாளே தவிர எந்திரம் ஆலையை விட்டு வெளியேறிய நாள் அன்று. மாதிரியை அறிய, ஊசிக்கு அருகிலுள்ள நகரும் தகட்டைத் திறந்து பாருங்கள். உள்ளே, அடிநூலைத் தாங்கும் ஷட்டில் படகு போல நீண்டிருந்தால் அது 27 அல்லது 28 வகை. அடித்தட்டின் நீளம் சுமார் 14½ அங்குலமானால் முன்னது, 12½ அங்குலத்தை ஒட்டியிருந்தால் பின்னது.

துடைப்பதில்தான் பெரும்பாலோர் தவறிழைக்கிறார்கள். அந்தச் சித்திரங்கள் ஒட்டுப்படங்கள். அவற்றின் மேல் காப்பாக மெல்லிய பூச்சு உண்டு. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் தச்சர் மேஜைக்கு பாலிஷ் போடுகிறார் என்பதை நினைத்துக்கொண்டால், பழைய பூச்சின் மேல் ஸ்பிரிட் பட்டால் அதுவும் கரைந்துபோகும் என்பது விளங்கிவிடும். சோப்பு நீர், சபீனா, உப்புத்தாள் எதுவும் வேண்டாம். தையல் எந்திர எண்ணெயைப் பஞ்சில் நனைத்து, முதலில் கண்ணில் படாத ஓர் ஓரத்தில் சோதித்துவிட்டு, சித்திரத்தின் மேல் அழுத்தாமல் ஒற்றியெடுங்கள். பஞ்சு பழுப்பாக மாறினால் அது அழுக்கு. பஞ்சில் பொன்துகள் மின்னினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

சக்கரம் சுற்றாததற்குக் காரணம் அநேகமாகத் தேங்காய் எண்ணெய்தான். நாளடைவில் அது கெட்டியாகிப் பிசின்போல் இறுகிவிடும். நம் வீடுகளில் பல நல்ல எந்திரங்கள் இப்படித்தான் ‘பழுதாகி’ பரணுக்குப் போயின. முதலில் ஷட்டிலைக் கழற்றி, அதன் பாதையில் சிக்கிய நூலையும் பஞ்சுத்தூளையும் குறடால் எடுத்துவிடுங்கள். பின்னர் எண்ணெய்த் துளைகளிலும் உலோகம் உலோகத்தோடு உரசும் இடங்களிலும் மட்டும் மண்ணெண்ணெயைச் சொட்டுச்சொட்டாக விட்டு (அடுப்புக்கு அருகில் அன்று), ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் சக்கரத்தை முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்துப் பாருங்கள். வலுக்கட்டாயமாகத் திருக வேண்டாம். இரண்டு மூன்று இரவுகள்கூட ஆகலாம். மண்ணெண்ணெய் கரைக்குமே தவிர வழவழப்புத் தராது என்பதால், இளகியவுடன் அதைத் துடைத்துவிட்டு ஒவ்வொரு துளையிலும் எந்திர எண்ணெய் ஓரிரு சொட்டு விட வேண்டும். நூல் கோக்காமல் பழைய வேட்டித் துணியின் மேல் ஓட்டி, எண்ணெய்க் கறை படிவது நின்ற பிறகே நல்ல துணியை வையுங்கள்.