கவிஞர் வீட்டுக் கடிதங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வேல்ஸ் நாட்டுக் கவிஞர் கொரோன்வி ஓவனைப் பற்றி எழுதுபவர்கள், அவருடைய கவிதைக்குச் சமமாகக் கடிதங்களையும் எடுத்துப் பேசுகிறார்கள். ஏன்? வாசிப்பதானால் எங்கே தொடங்குவது?
வாசகி, வட்டுக்கோட்டை

பதில்: அவருக்குக் கடிதத்தை விட்டால் இலக்கியம் பேச ஆளில்லை. 1723இல் வேல்சின் ஆங்கிள்சி தீவில் பிறந்து, 1746இல் குருப்பட்டம் பெற்றவர். சொந்தத் தீவிலே நிலையான ஒரு கோயிற்பற்றுக் கிடைக்கும் என்று கடைசிவரை காத்திருந்தார், கிடைக்கவில்லை. டொனிங்டனில் பள்ளிக்கூடமும் படிப்பித்து உதவிக் குருவாகவும் வேலை பார்த்ததற்கு வருடம் 26 பவுண்தான் சம்பளம். பிறகு லிவர்பூலுக்கு அருகே வோல்டன், லண்டனுக்கு அருகே நோர்தோல்ட். எல்லாம் ஆங்கிலம் பேசும் ஊர்கள், வெல்ஷ் கவிதை பேச அங்கே ஆளில்லை. 1757இல் அமெரிக்காவின் வேர்ஜீனியாவுக்குக் கப்பலேறி, 1769இல் அங்கேயே இறந்தார்.

அவருடைய கவிதைக்குச் செவிகொடுத்தவர்கள் மொரிஸ் சகோதரர்கள். லூயிஸ் கார்டிகன்ஷயரில் சுரங்க மேற்பார்வையாளர். ரிச்சர்ட் லண்டன் கடற்படை அலுவலகத்தில் எழுதுவினைஞர், 1751இல் லண்டன்வாழ் வேல்ஸ்காரருக்கான கம்ரொடோரியன் சங்கத்தைத் தொடக்கியவர். வில்லியம் ஹோலிஹெட் துறைமுகத்தில் சுங்க அதிகாரி. கவிதை கடிதத்தோடு ஒருவரிடம் போகும். அவர் பிரதி பண்ணி அடுத்தவருக்கு அனுப்புவார், குறைநிறை சொல்லுவார். ஒரே கவிதைக்குப் பாடபேதங்கள் வந்தது இப்படித்தான்.

அவர் மனதை அரித்த கேள்வியும் கடிதங்களில்தான் இருக்கிறது. ஆங்கிலக் கவிஞர் மில்டனைப் போல ஒரு கிறிஸ்தவ காவியத்தை வெல்ஷ் மொழியில் பாட ஆசைப்பட்டார். ஆனால் கைவசம் இருந்தது கவித் என்ற யாப்பு. அடிக்கு 7 அசை, இரண்டிரண்டு அடியாக இயைபு, அந்த இயைபிலும் ஓரடி அழுத்தமுள்ள அசையில் முடிந்தால் மற்றது அழுத்தமில்லாததில் முடியவேண்டும். இதற்குமேல் ஒவ்வொரு அடிக்குள்ளும் மெய்யெழுத்துகள் முறைப்படி திரும்ப ஒலிக்கவேண்டும். எங்கள் மோனை எதுகையைவிட இறுக்கமான கட்டு. இதிலே நீண்ட காவியம் ஓடாது என்று அவரே வாதாடுகிறார். தன் கைத்தொழிலின் எல்லையை ஒரு கவிஞர் இவ்வளவு தெளிவாகப் பேசுவது அபூர்வம்.

தொடங்குவதானால் 1752 முதல் 1757 வரை சகோதரர்கள் தங்களுக்குள் எழுதியவற்றை முதலில் வாசியுங்கள், ஜே. எச். டேவிஸ் பதிப்பித்த இரண்டு தொகுதிகள் 1907, 1909இல் வந்தன. பிறகு கொரோன்வியின் கடிதங்களை எடுங்கள். அவர் எதற்குப் பதில் எழுதுகிறார் என்பது அப்போதுதான் பிடிபடும்.

கேள்வி: ஒரே கடிதத்துக்கு ஒரு நூல் 1747 பெப்ரவரி என்கிறது, இன்னொன்று 1748 என்கிறது. எது சரி?
வாசகர், நல்லூர்

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். 1752க்கு முன் இங்கிலாந்திலும் வேல்சிலும் சட்டப்படி வருடம் பிறந்தது மார்ச் 25ஆம் திகதி. ஆகவே ஜனவரி, பெப்ரவரி, மார்ச் 24 வரை எழுதிய கடிதங்களில் பழைய வருடமே இருக்கும். கவனமானவர்கள் 1747/8 என்று இரண்டையும் போட்டார்கள், மற்றவர்கள் போடவில்லை. பதிப்பாசிரியர் திருத்தியிருக்கிறாரா என்பதை முன்னுரையில் பாருங்கள். கடிதத்தில் கிழமை எழுதியிருந்தால் அதை வைத்தே சரிபார்க்கலாம். அதோடு 1752 செப்டெம்பர் 2 புதன்கிழமைக்கு அடுத்த நாள் செப்டெம்பர் 14 வியாழன். நாட்காட்டியை மாற்றியதால் இடையில் 11 திகதிகள் இல்லை. அந்த மாதக் கடிதங்களுக்குப் பதில் தாமதமாக வந்தது என்று எழுதுமுன் இதைக் கணக்கில் எடுங்கள்.

இதே பிழை எங்கள் வீட்டுக் கடிதங்களிலும் நடக்கிறது. 'விரோதி வருடம் தை 10' என்று இருந்தால் பலர் 1949 என்று குறித்துவிடுகிறார்கள். விரோதி 1949 சித்திரையில் பிறந்தது; அதன் தை 1950 ஜனவரியில் வரும். தை, மாசி, பங்குனி மூன்றுக்கும் ஒரு வருடம் கூட்டிப் பாருங்கள். வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்புவதால் 1890 தையாகவும் இருக்கலாம். தபால் முத்திரையில் விக்டோரியா மகாராணியின் தலை இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. வாக்கிய பஞ்சாங்கமா திருக்கணிதமா என்பதால் ஒரு நாள் முன்பின்னாகலாம். அதற்குமேல் வித்தியாசம் வந்தால் வாசிப்பில் பிழை.

கேள்வி: அச்சான பழைய கடிதங்களில் தாளின் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் சில சொற்கள் விடுபட்டிருக்கின்றனவே?
மாணவர், கோப்பாய்

பதில்: அரக்கு முத்திரை கிழித்த இடம் அது. அக்காலத்தில் தபாற்கூலியைப் பெரும்பாலும் பெறுபவரே கட்டினார், அதுவும் தாள் கணக்கில். உறை போட்டால் இரண்டாவது தாள், கூலி இரட்டிப்பு. அதனால் எழுதிய தாளையே மடித்து, மேலே விலாசம் எழுதி, அரக்கு வைத்து ஒட்டினார்கள். திறக்கும்போது அரக்கோடு ஒரு துண்டு பிய்ந்துபோகும். மூலத்தைப் பார்க்க வாய்த்தால் அரக்கின் அடியில் பாருங்கள், அந்தத் துண்டு சில வேளை அங்கேயே ஒட்டியிருக்கும். பாராளுமன்ற உறுப்பினர் கையொப்பமிட்டால் 2 அவுன்ஸ் வரை கூலியில்லை. மொரிஸ் சகோதரர்கள் அந்த வழியையும் பயன்படுத்தினார்கள். ஆகவே வெளிப்புறத்துக் கையொப்பத்தைக் கண்டு அவர்தான் எழுதினார் என்று முடிவு கட்டவேண்டாம்.

கேள்வி: கொரோன்வியின் குடிப்பழக்கத்தைப் பற்றி லூயிஸ் எழுதியதை அப்படியே நம்பலாமா? மெதடிஸ்தரைப் பற்றி அவர்கள் எழுதியதை?
வாசகர், பருத்தித்துறை

பதில்: அண்ணன் லூயிஸ் தன் தம்பிக்குக் கோபத்தில் எழுதியதாக மட்டும் எடுங்கள். லூயிஸ் 1765இல் இறந்தார். கொரோன்வி 1767இல் வேர்ஜீனியாவிலிருந்து அவருக்கு இரங்கற்பா அனுப்பினார். இரண்டையும் ஒன்றாக வைத்து வாசித்தால்தான் அந்த உறவு தெரியும்.

மொரிஸ் குடும்பம் அங்கிலிக்கன் திருச்சபையோடு நின்ற குடும்பம். 1746, 1752 வெல்ஷ் வேதாகமப் பதிப்புகளை மேற்பார்த்தவர் ரிச்சர்ட். மெதடிஸ்தரைப் பற்றி அவர்கள் சொல்வது எதிரணியின் சாட்சி. மறுபக்கத்துக்கு, ஒரு தலைமுறை கழித்து வந்த மெதடிஸ்தப் பாடலாசிரியை ஆன் கிரிஃபித்ஸின் (1776–1805) கடிதங்களை வாசியுங்கள். எட்டுத்தான் மிஞ்சின. அவற்றில் ஏழு, மெதடிஸ்தப் போதகர் ஜோன் ஹியூஸ் பிரதி பண்ணி வைத்தவை. தோழி எலிசபெத் எவன்ஸுக்கு எழுதிய ஒன்று மட்டுமே ஆனின் சொந்தக் கையெழுத்து. அதன் முடிவில் ஒரு பாடலின் ஒரு கண்ணியும் உண்டு. மற்றப் பாடல்கள் அவர் வீட்டில் வேலை செய்த ரூத் எவன்ஸின் ஞாபகத்தில் இருந்தன. ரூத் சொல்ல, அவரை மணந்த ஜோன் ஹியூஸ் எழுதினார். பிரதி எடுத்தவரின் கை எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி அங்கே இன்றும் தீரவில்லை.

கேள்வி: எங்கள் அப்பப்பா உபதேசியார், கீர்த்தனைகள் எழுதியவர். அவருக்கு வந்த கடிதங்கள் ஒரு றங்குப்பெட்டி நிறைய இருக்கின்றன. சில பூச்சி அரித்துவிட்டன. என்ன செய்யலாம்?
குடும்பத்தார், மானிப்பாய்

பதில்: முதலில் ஒன்றையும் திகதிப்படி அடுக்காதீர்கள். கட்டுகள் இருக்கும் ஒழுங்கே ஒரு சான்று. எந்தக் கடிதத்தோடு எந்தக் கீர்த்தனை வந்தது என்பதை அது சொல்லும். பெட்டியைத் திறந்ததும் மேலிருந்து கீழாக ஒவ்வொரு கட்டையும் போனில் படமெடுங்கள். பிறகு மெல்லிய பென்சிலால் பின்புற மூலையில் கட்டு எண், தாள் எண் போடுங்கள். பேனை வேண்டாம்.

துருப்பிடித்த குண்டூசியை இழுக்கக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரு பிளாஸ்டிக் துண்டைச் செருகி, ஊசியைத் தாளிலிருந்து விலக்கி எடுங்கள். உருகி ஒட்டிய ரப்பர் பட்டியைச் சுரண்டாமல் அந்தத் தாளைத் தனியே வையுங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டாதீர்கள், பசை சில ஆண்டில் மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கும். லமினேட் செய்தால் பிறகு பிரிக்க வழியில்லை.

பூச்சிக்கு மருந்து தெளித்தால் மை கரையும். கடிதங்களை உறைகளோடு பொலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, −18 பாகை பிறீசரில் இரண்டு கிழமை வையுங்கள். வெளியே எடுத்ததும் பையை அவிழ்க்கவேண்டாம். ஒரு முழுநாள் அப்படியே கிடக்கட்டும். உடனே திறந்தால் ஈரம் தாளிலே படியும். இராமபாணமும் அதன் முட்டையும் இதில் சாகும். கறையானுக்கு இது போதாது: பெட்டியைச் சுவரோடும் நிலத்தோடும் ஒட்டவிடாமல், கால் உயர்ந்த மேசையில் வையுங்கள். மாரியில் பூட்டிய அறை வேண்டாம், காற்றோட்டம் முக்கியம்.

படமெடுக்கும்போது யன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரட்டும், நேர் வெய்யிலும் பிளாஷும் ஆகாது. ஸ்கானர் என்றால் ஒரு அங்குலத்துக்கு 400 புள்ளி வையுங்கள், 300க்குக் கீழே போகவேண்டாம். வெற்றுப் பக்கம், கடித உறை, தபால் முத்திரை, ஓரத்தில் எழுதிய கடைக்கணக்கு எல்லாவற்றையும் எடுங்கள். படத்தின் பெயரில் கட்டு எண்ணும் தாள் எண்ணும் போதும். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் நூலக நிறுவனத்தோடு பேசும்போது இந்த இலக்கங்கள் இருந்தால் வேலை பாதி முடிந்தமாதிரி.

இன்னொன்று. உங்கள் பெட்டியில் இருப்பவை அப்பப்பாவுக்கு வந்தவை. அவர் எழுதியவை மற்றவர்களின் வீட்டில் இருக்கும். கடிதங்களில் வரும் பெயர்களையும் ஊர்களையும் ஒரு கொப்பியில் எழுதி, அந்தக் குடும்பங்களைத் தேடுங்கள். கோயில் ஞானஸ்நானப் பதிவேடும் விவாகப் பதிவேடும் உறவுமுறையைக் காட்டும். கனடாவிலோ லண்டனிலோ யாரிடமாவது கடிதம் இருந்தால் மூலத்தைக் கேட்கவேண்டாம், உறையோடு சேர்த்துப் படம் கேளுங்கள். கீர்த்தனையை வாய்ப்பாடமாகச் சொல்லக்கூடிய முதியவர்கள் இருந்தால் அவர்களிடம் இந்தக் கிழமையே போங்கள். பாடுவதை ஒலிப்பதிவு செய்து, யாரிடம் கேட்டுப் பழகினார் என்பதையும் அதிலேயே சொல்லச் செய்யுங்கள். தாளில் உள்ள பாடத்தோடு அது மாறுபட்டால் எதையும் திருத்தாமல் இரண்டையும் அருகருகே எழுதி வையுங்கள்.