மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்புப் படிக்கும் ரெசிடென்ட் மருத்துவர்களின் பயிற்சியில் பின்னூட்டத்துக்கு என்ன பங்கு? வார்டில் திட்டு வாங்கித்தானே எல்லாரும் தேறுகிறார்கள்?

திட்டு வாங்கியும் தேறலாம். ஆனால் எதற்காக வாங்கினோம் என்பது விளங்காமலே மூன்றாண்டு எம்.டி. படிப்பு முடிந்துவிடக்கூடும்.

நான் தஞ்சாவூர்க்காரன். குமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய ஒரு மருத்துவமனையில் பொது மருத்துவ ரெசிடென்டாகச் சேர்ந்த புதிதில், பாறசாலைப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா, "மூணு நாளாட்டு பனியாக்கும் டாக்டரே" என்றார். பனியில் அலைந்து சளி பிடித்திருக்கிறது என்று எண்ணி அப்படியே கேஸ் ஷீட்டில் ஹிஸ்டரியாக, அதாவது நோய் வரலாறாக, எழுதினேன். ரவுண்ட்ஸில் அதைப் படித்த யூனிட் சீஃப், "இதெல்லாம் ஒரு ஹிஸ்டரியா?" என்று அதைக் கட்டில்மேல் வீசிவிட்டு அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். அன்று நான் கற்றது, ரவுண்ட்ஸில் பின்வரிசையில் நிற்க வேண்டும் என்பதை மட்டுமே.

மாலையில் ஓர் உதவிப் பேராசிரியர் என்னை வார்டு வாசல் பெஞ்சில் உட்காரவைத்தார். நான் அந்த அம்மாவிடம் பேசியபோது அவர் பக்கத்து மேசையில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல், எல்லைத் தமிழிலும் அப்படித்தான் என்றார். பிறகு, "அவங்க முதல் கேள்விக்குப் பதிலை முடிக்கும் முன்னாடியே நீங்க மூணாவது கேள்விக்குப் போயிட்டீங்க, தம்பி" என்றார். மறுநாள் புதிய நோயாளியிடம் நான் பேசும்போது அருகில் நின்று கேட்டார்.

மருத்துவர் ஜாக் எண்டே 1983இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் எழுதிய கட்டுரை இந்த வேறுபாட்டைத்தான் பேசுகிறது: மதிப்பீடு என்பது தீர்ப்பு, பின்னூட்டம் என்பது நேரில் கண்டதைப் பற்றிய, திருத்திக்கொள்ளக்கூடிய செயலைப் பற்றிய தகவல். ஜான் நார்சினியும் சக ஆய்வாளர்களும் 1995இல் முன்வைத்த மினி சி.இ.எக்ஸ். (Mini-CEX) என்ற மதிப்பீட்டு முறையிலும், ஆசிரியர் ஒரு நோயாளிச் சந்திப்பைச் சுமார் 15 முதல் 20 நிமிடம் கூடவே இருந்து பார்த்து, உடனே சில நிமிடம் பேசுகிறார். நம் வார்டுகளில் பஞ்சம் திட்டுக்கும் இல்லை, பாராட்டுக்குமில்லை, பார்ப்பதற்குத்தான். பயிற்சியில் செய்ததைக் குறித்துவைக்கும் லாக் புக்கில் மாதக் கடைசியில் மொத்தமாக விழும் கையெழுத்தைப் பின்னூட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது நானும் கற்பிக்கிறேன். ஓ.பி. கூட்டத்தில் எல்லாரையும் பார்க்க முடிவதில்லை; எனவே ஒரு ரெசிடென்டுக்கு வாரம் ஒரு நோயாளி என்று வைத்திருக்கிறேன். சந்திப்பு முடிந்ததும், "எது சரியா வரலன்னு நினைக்கிறீங்க?" என்று முதலில் அவரிடமே கேட்கிறேன். பெரும்பாலும் நான் குறித்து வைத்ததையே அவர்களும் சொல்லிவிடுகிறார்கள்.