இரண்டு நல்ல பற்களை அராவாமல் ஒரு பல் கட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. கீழ்த்தாடையில் இடப்பக்கத்து முதலாம் கடைவாய்ப்பல் சூத்தை பிடித்ததால் எட்டு மாதங்களுக்கு முன்னர் பிடுங்கப்பட்டது. இருபக்கத்துப் பற்களையும் அராவித் தொப்பி போட்டு ‘பிரிட்ஜ்’ கட்டலாம் என்று பல் வைத்தியர் கூறினார். அவ்விரு பற்களிலும் ஒரு பழுதும் இல்லை. அராவாமல் ஒட்டும் முறையும் உண்டாமே, அது கடைவாயில் நிலைக்குமா? எனக்குப் பாக்குப் போடும் பழக்கமும் உண்டு.
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: நிலைக்கும். ஆனால் அது உங்கள் அயற்பற்களின் நிலையையும், ஒட்டுபவரின் நிதானத்தையும் பொறுத்தது. பழுதற்ற பற்களுக்கு இடையில் ஒரு பல் மட்டும் இல்லாதபோது, இம்முறையைத்தான் முதலில் ஆராய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தொப்பி போடுவதற்காக அராவும்போது, முரசுக்கு மேலே தெரியும் பல்லின் பாதிக்கும் மேற்பட்ட பகுதி போய்விடுகிறது. பல்லின் கடினமான மேலோடான எனாமல் போனால் மீண்டும் வளர்வதில்லை. அராவிய பற்களில் சில, ஆண்டுகள் கழித்து நரம்பு செத்து, வேர்ச் சிகிச்சைக்கும் வந்து சேர்கின்றன.

நீங்கள் கேட்ட முறையில் ஒட்டும் பிரிட்ஜை ஒட்டுப் பாலம் என்பர். அதில், செயற்கைப் பல்லின் இருபுறமும் அயற்பற்களில் ஒட்டுவதற்காக, உலோகத்தாலோ சிர்கோனியா என்னும் உறுதியான பீங்கானாலோ செய்த மெல்லிய சிறகுகள் இருக்கும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் மேம்படுத்தப்பட்டதால், இதனை மேரிலாந்துப் பாலம் என்றும் அழைப்பர். கடைவாயில் மெல்லும் அழுத்தம் அதிகம் என்பதால், சிறகு நாக்குப் பக்கத்தில் பல்லை நன்கு அணைத்துப் பிடிப்பதோடு, மெல்லும் பரப்பில் வெட்டிய ஆழமற்ற சிறு குழியிலும் அமர்ந்து சுமையைத் தாங்க வேண்டும். இதற்குச் சுமார் அரை மில்லிமீற்றர் அளவுக்கு, எனாமலுக்குள்ளேயே சீவினால் போதும். பெரும்பாலும் விறைப்பு ஊசியும் தேவைப்படாது. பின்னர் எனாமலைப் பொஸ்போரிக் அமிலத்தால் சொரசொரப்பாக்கி, ரெசின் பசையால் ஒட்டுவார்கள். அந்தக் கட்டத்தில் எச்சில் பட்டால் பிடிப்பு கெட்டுவிடும். ஆகையால், பல்லைச் சுற்றி இறப்பர் விரிப்புக் கட்டி ஒட்டுவீர்களா என்று வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

இதிலுள்ள உண்மையான ஆபத்து, ஒரு பக்கச் சிறகு மட்டும் விடுபடுவதாகும். மறுபக்கம் பிடித்திருப்பதால் பாலம் அசையாதது போலவே தோன்றும். அடியில் எச்சிலும் உணவும் புகுந்து, வலியில்லாமலே சூத்தை பரவும். மெல்லும்போது ‘டிக்’ என்ற ஓசையோ, அந்தப் பக்கத்தில் கெட்ட சுவையோ தெரிந்தால் உடனே காட்டுங்கள். ஒன்றும் தெரியாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள்.

எட்டு மாத இடைவெளியில் பின்பல் முன்னே சாய்ந்திருக்கலாம், மேற்பல் கீழே இறங்கியிருக்கலாம். எனவே எக்ஸ்ரேயும் கடியின் அச்சும் எடுத்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இரவில் பல் நெறுமுபவர்களுக்கும், அயற்பற்கள் தேய்ந்து குட்டையானவர்களுக்கும் இதனை நான் பரிந்துரைப்பதில்லை. அயற்பல்லில் ஏற்கெனவே அடைப்பு இருந்தால், அந்த அடைப்பின் குழியையே பாலத்தின் பிடியாக்கும் முறையும் உண்டு. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவில் முதலில் காட்டி, தேவையெனில் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலையில் நிபுணரின் கருத்தையும் பெறலாம்.

பாக்கை மட்டும் கட்டாயம் விடுங்கள். அது பீங்கானை உடைக்கும் என்பது சிறிய காரணம். புகையிலை சேராத பாக்கும் வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதே பெரிய காரணம்.

பாலம் முழுமையாகக் கழன்றாலும், பற்கள் பழுதின்றி இருந்தால் பெரும்பாலும் அதையே திரும்ப ஒட்டலாம். பிற்காலத்தில் தாடையெலும்பில் உள்வைப்பு (இம்பிளான்ட்) பொருத்திப் பல் கட்ட விரும்பினாலும் அதற்குத் தடையில்லை.