பையன் பள்ளியில் ஒட்டுவானா என்று கேட்ட தம்பிக்கு

மதுரையிலிருந்து மொரீஷியஸ் வரப்போகிறீர்கள். வாடகை, மளிகை, பையனின் பள்ளி என்று மூன்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டையும் உங்கள் கம்பெனிக்காரர்களே சொல்லிவிடுவார்கள். எட்டு வயதுப் பையன் பள்ளியில் தனியாகிவிடுவானோ என்றீர்களே, அதற்குத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பாடப்புத்தகமும் பரீட்சையும் ஆங்கிலம்தான். அதை நம்பி, இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன் சமாளித்துக்கொள்வான் என்று இருந்துவிடாதீர்கள். மணி அடித்தால் மைதானம் முழுக்கக் கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த இந்த ஊர்ப் பேச்சுமொழி. வகுப்பிலும் டீச்சர் பாதியைக் கிரியோலிலும் பிரெஞ்சிலும்தான் விளக்குவார். நாங்கள் வந்த புதிதில் என் மகன் இடைவேளை முழுக்கத் தண்ணீர்க் குழாய் பக்கத்திலேயே நிற்பானாம். யாரும் அடிக்கவில்லை, கேலி செய்யவில்லை, கூப்பிடவும் இல்லை. காலையில் எழுந்தால் வயிற்றுவலி என்பான். டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அந்த அம்மா எங்கள் தெருப் பையன் ஒருவனை அவன் பக்கத்தில் உட்காரவைத்து, "இவனை விளையாட்டில் சேர்ப்பது உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். நானும் விளையாடலாமா என்பதற்கு "மோ கபாவ் ஸ்வே?" என்று கேட்கவேண்டும் என அவன்தான் சொல்லிக்கொடுத்தான். வயிற்றுவலி அதோடு போயிற்று. நீங்களும் முதல் வாரமே டீச்சரைப் பாருங்கள். மார்க் இருக்கட்டும், இடைவேளையில் யாரோடு இருக்கிறான் என்று கேளுங்கள்.

இங்கே வரும் நம்மவர்கள் சிலர்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. கிரியோலைக் கொச்சை பிரெஞ்சு என்பார்கள், இங்குள்ள தமிழர்களுக்குத் தமிழே தெரியாது என்பார்கள். பல தலைமுறைக்கு முன் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள் அவர்கள். இந்த நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது, தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை இருக்கிறது. நாம் வந்து வாங்கிக் கொடுத்ததா? சாப்பிடும்போது பெற்றோர் இப்படிப் பேசினால் பிள்ளை அதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோவான். அப்புறம் எவன் அவனோடு சேருவான்?

தொடக்கப் பள்ளியில் தமிழ் விருப்பப் பாடம், தமிழ் இருக்கும் பள்ளியாகப் பார்த்துச் சேருங்கள். அந்த ஒரு வகுப்பில் உங்கள் பையன்தான் கெட்டிக்காரன். மற்றவர்களின் உச்சரிப்பைத் திருத்தாமல், பக்கத்துப் பிள்ளைக்கு எழுத உதவச் சொல்லுங்கள்.

காத்ர் போர்ன் என்ற ஊரில் கோர் தெ கார்த் மலைக்கோயிலுக்கு ஒரு தைப்பூசத்தில் போயிருந்தோம். பால்குடம் சுமந்து வந்த வகுப்புப் பையன் ஒருவன், என் மகனைக் கண்டதும் வரிசையில் நின்றபடியே பெயர் சொல்லிக் கத்தினான். இவன் என் கையை உதறிவிட்டு ஓடி, மலை ஏறும்வரை அவன் கூடவே நடந்தான்.

பள்ளி ஜனவரியில் திறக்கும். முடிந்தால் டிசம்பரிலேயே வந்துவிடுங்கள். தெருப் பிள்ளைகளுக்கும் அப்போது லீவுதான். கையில் ஒரு பந்தைக் கொடுத்து வெளியே அனுப்புங்கள்.