டிவைஸ் ட்ரீ கோப்பு யார் பொறுப்பு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஏஆர்எம் சிப் கொண்ட போர்டுகளில் வன்பொருளின் விவரத்தை, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்புகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்தை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். மனிதர் எழுதும் மூலக் கோப்பு டிடிஎஸ்; அதைக் கம்பைல் செய்து கெர்னலுக்குத் தரும் வடிவம் டிடிபி. இரண்டாவது கேள்வி பலருக்கும் பொதுவான சிக்கல் என்பதால் அதற்கான பதில் நீண்டிருக்கிறது.

கேள்வி: மேசைக் கணினியில் லினக்ஸ் நிறுவும்போது டிடிபி கோப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஏஆர்எம் போர்டில் அந்தக் கோப்பு தவறாக இருந்தால் கெர்னல் திரையில் ஒரு வரிகூடக் காட்டாமல் நின்றுவிடுகிறது. இந்த வேறுபாடு ஏன்? (பொறியியல் மாணவி)

மேசைக் கணினியில் பிசிஐ, யுஎஸ்பி ஆகிய இணைப்புகளில் இருக்கும் சாதனங்கள், கேட்டால் தாம் இன்னவை என்று தாமே சொல்லிவிடும். எஞ்சிய விவரங்களை, கணினியிலேயே பதிந்திருக்கும் துவக்க மென்பொருளான ஃபர்ம்வேர் ஏசிபிஐ அட்டவணைகளாக இயங்குதளத்துக்குத் தந்துவிடுகிறது. ஏஆர்எம் சிப்புக்குள் இருக்கும் யுஏஆர்டி (சீரியல் தொடர்புப் பகுதி) எந்த முகவரியில் இருக்கிறது, எந்த இன்டரப்ட் எண்ணைப் பயன்படுத்துகிறது, ஐ2சி கம்பியில் இணைக்கப்பட்ட வெப்ப உணரிக்கு எந்த ரெகுலேட்டரிலிருந்து மின்சாரம் வருகிறது என்பனவற்றை அப்படிக் கேட்டு அறிய வழியே கிடையாது. யாராவது எழுதித்தான் வைக்க வேண்டும்.

ஒருகாலத்தில் அவற்றை கெர்னலுக்குள்ளேயே, போர்டுக்கு ஒரு சி நிரலாக எழுதி வைத்தார்கள். புதிய போர்டு வரும்போதெல்லாம் கெர்னலில் புதிய கோப்பு சேர்ந்துகொண்டே போனதால், 2011 மார்ச்சில் லினஸ் டோர்வால்ட்ஸ் ஏஆர்எம் பகுதியின் நிலை குறித்துக் கடுமையாகக் கண்டித்தார். அதன் பிறகே, பவர்பிசி கணினிகளில் ஏற்கெனவே இருந்த டிவைஸ் ட்ரீ முறையை ஏஆர்எம்முக்கும் கொண்டுவரும் பணி, கிராண்ட் லைக்லி போன்றோரின் முயற்சியால் வேகம் பெற்றது. அந்த முறையின் வேர் இன்னும் பழையது: சன் நிறுவனத்தின் ஓப்பன்பூட்டில் தொடங்கி, 1994-இல் ஐஇஇஇ 1275 என்ற தரமாகிய ஓப்பன் ஃபர்ம்வேரிலிருந்து அது வந்தது.

64 பிட் ஏஆர்எம்மில், கெர்னலை ஏற்றித் துவக்கும் பூட்லோடர் இந்தக் கோப்பை நினைவகத்தில் 8 பைட் எல்லையில், 2 எம்பிக்கு மிகாமல் வைத்து, அதன் முகவரியை எக்ஸ்0 ரிஜிஸ்டரில் இட்டு கெர்னலிடம் ஒப்படைக்கிறது. சீரியல் கன்சோல் எங்கே இருக்கிறது என்பதையே கெர்னல் அந்தக் கோப்பிலிருந்துதான் தெரிந்துகொள்கிறது. கோப்பு தவறாக இருந்தால், தனக்கு என்ன ஆயிற்று என்று சொல்வதற்குக்கூட கெர்னலுக்கு இடம் இருக்காது. நீங்கள் கண்ட மௌனத்துக்குக் காரணம் இதுவே.

கேள்வி: நாங்கள் தொழிற்சாலைகளுக்கான தரவு சேகரிப்புக் கருவி செய்கிறோம். டிடிபி கோப்பு யூ-பூட் என்ற பூட்லோடருக்குள்ளேயே பதிந்திருக்கிறது. கெர்னலை 5.4-இன் பழைய வெளியீடு ஒன்றிலிருந்து 5.10-க்கு மாற்றியதும் ஈதர்நெட் நின்றுவிட்டது. லிங்க் கிடைக்கிறது, 1000 எம்பிபிஎஸ் என்றும் காட்டுகிறது. ஆனால் ஒரு பாக்கெட்கூடப் போகவில்லை. பழைய கெர்னலைப் போட்டால் வேலை செய்கிறது. ஃபர்ம்வேரை நாங்கள் தொடவே இல்லை. இனி டிடிபியை ஃபர்ம்வேரில் வைப்பதா, கெர்னலோடு அனுப்புவதா? (மென்பொருள் பொறியாளர்)

நீங்கள் ஈதர்நெட் கேபிளோடு நேரடியாகப் பேசும் பிஎச்ஒய் சிப்பின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் உங்கள் அறிகுறிகள், 2020-இன் பிற்பகுதியில் ரியல்டெக் ஆர்டிஎல்8211இ சிப்பின் லினக்ஸ் டிரைவரில் வந்த ஒரு திருத்தத்துக்குப் பிறகு, ஆல்வின்னர் சிப் வைத்த பல போர்டுகளில் காணப்பட்டவற்றோடு அப்படியே ஒத்துப்போகின்றன. அதை விளக்கிச் சொன்னால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

கிகாபிட் வேகத்தில், முதன்மைச் சிப்பையும் பிஎச்ஒய்யையும் இணைக்கும் ஆர்ஜிஎம்ஐஐ இணைப்பின் கிளாக் 125 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. அதன் ஏற்றத்திலும் இறக்கத்திலும் தரவு மாறுவதால் ஒவ்வொரு தரவுக்கும் 4 நானோநொடிதான் கிடைக்கிறது. தரவு நிலைபெற்றிருக்கும் நடுப்பகுதியில் கிளாக்கின் விளிம்பு விழ வேண்டுமென்றால், கிளாக்கைச் சுமார் 2 நானோநொடி தாமதப்படுத்த வேண்டும். அந்தத் தாமதத்தைச் சர்க்யூட் போர்டிலுள்ள தடத்தின் நீளத்தாலும் தரலாம், பிஎச்ஒய் சிப்புக்குள்ளும் தரலாம். எங்கே தரப்படுகிறது என்பதை டிவைஸ் ட்ரீயில் பிஎச்ஒய்-மோட் என்ற ஒரே வரி சொல்கிறது. அதில் 'ஆர்ஜிஎம்ஐஐ' என்று மட்டும் எழுதினால், பிஎச்ஒய் தாமதம் சேர்க்க வேண்டாம் என்று பொருள். 'ஆர்ஜிஎம்ஐஐ-ஐடி' என்று எழுதினால், அனுப்பும் திசையிலும் பெறும் திசையிலும் பிஎச்ஒய்யே தாமதம் சேர்க்க வேண்டும் என்று பொருள்.

பிஎச்ஒய்யிடமிருந்து தாமதம் தேவைப்பட்ட பல போர்டுகளின் கோப்புகளில் வெறும் 'ஆர்ஜிஎம்ஐஐ' என்றே எழுதியிருந்தார்கள். அது தவறான விவரம். ஆனாலும் நெட்வொர்க் வேலை செய்துவந்தது. ஏனென்றால் டிரைவர் அந்தச் சிப்பில் தாமத பிட்டுகளை எழுதியபோதும், அவை செல்லுபடியாவதற்கு வேண்டிய இன்னொரு பிட்டை எழுதாமல் விட்டிருந்தது. ஆகவே சிப், தன் பின்களில் மின்தடைகளால் அமைக்கப்பட்ட தாமதத்தையே பின்பற்றிக்கொண்டிருந்தது. டிரைவர் சரிசெய்யப்பட்டவுடன் அது கோப்பில் எழுதியிருந்ததை முதன்முறையாக உள்ளபடியே நிறைவேற்றியது. தாமதம் அணைந்தது, பாக்கெட்டுகள் நின்றன. பிறகு போர்டுகளின் கோப்புகளைப் பெரும்பாலும் 'ஆர்ஜிஎம்ஐஐ-ஐடி' என்று திருத்தினார்கள். கெர்னலோடு டிடிபியையும் புதுப்பித்தவர்களுக்கு அந்தத் திருத்தம் தானாகவே கிடைத்தது. ஃபர்ம்வேரில் பழைய கோப்பைப் பூட்டி வைத்திருந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை.

உங்கள் கருவியில் இதுதான் நடந்ததா என்று பார்ப்பது எளிது. ஓடிக்கொண்டிருக்கும் கருவியில் ப்ரோக் கோப்பகத்தின் கீழே டிவைஸ்-ட்ரீ என்ற கோப்பகம் இருக்கும். கெர்னல் பெற்றுக்கொண்ட மரம் முழுவதும் அங்கே கோப்புகளாக விரிந்திருக்கும். டிடிசி கம்பைலரை அந்தக் கோப்பகத்தின் மீது ஓட்டினால் அதை மீண்டும் படிக்கத்தக்க மூலமாக எழுதித் தரும். அதை நீங்கள் ஓட்டும் கெர்னல் பதிப்போடு வரும் டிடிஎஸ் மூலத்தோடு ஒப்பிடுங்கள். வட்டில் இருக்கும் டிடிபி கோப்பைப் பார்த்துவிட்டு அதுதான் கெர்னலுக்குப் போனது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. யூ-பூட் படிக்கும் எக்ஸ்ட்லினக்ஸ் அமைப்புக் கோப்பில் ஒரு டிடிபி குறிப்பிடப்பட்டிருக்கலாம். அப்படி எதுவும் தரப்படாதபோது யூ-பூட் தன் சொந்த டிடிபியையே கெர்னலுக்கு அனுப்பியிருக்கலாம்.

இனி, எங்கே வைப்பது என்ற கேள்வி. டிவைஸ் ட்ரீ போர்டைப் பற்றிய விவரம். எந்தக் கெர்னல் ஓடினாலும் போர்டு மாறுவதில்லை. எனவே அந்தக் கோப்பு போர்டோடு, அதாவது ஃபர்ம்வேரோடு இருக்க வேண்டும் என்பதே கொள்கையளவில் சரி. ஈபிபிஆர் என்ற துவக்கத் தரமும், அதன் மேல் அமைந்த ஆர்ம் சிஸ்டம்ரெடி டிவைஸ்ட்ரீ (முன்பு சிஸ்டம்ரெடி ஐஆர்) திட்டமும் அதையே எதிர்பார்க்கின்றன: ஃபர்ம்வேர் தரும் விவரத்தைக் கொண்டே டெபியனோ ஃபெடோராவோ ஃப்ரீபிஎஸ்டியோ எதுவானாலும் துவங்க வேண்டும். நினைவகத்தின் அளவு, மேக் முகவரி போன்ற, கருவிக்குக் கருவி மாறும் விவரங்களை ஃபர்ம்வேர்தான் நிரப்ப முடியும் என்பதும் இதற்குச் சாதகமான காரணம்.

ஆனால் இந்தக் கொள்கை இரண்டு நிபந்தனைகளின் மேல் நிற்கிறது. கோப்பில் பிழை இருந்தால் களத்தில் இருக்கும் கருவியின் ஃபர்ம்வேரை அச்சமின்றிப் புதுப்பிக்க வழி இருக்க வேண்டும்; பாதியில் மின்சாரம் போனாலும் பழைய பிரதியிலிருந்து துவங்கும் ஏற்பாடும் வேண்டும். இவை இரண்டும் இல்லாத கருவியில் டிடிபியை ஃபர்ம்வேரில் பூட்டி வைப்பது, பிழையை அந்தக் கருவியின் ஆயுள் முழுவதற்கும் பூட்டி வைப்பதாகும். உங்கள் கருவியில் ஒரே ஒரு இயங்குதளம், நீங்கள் தரும் இயங்குதளம் மட்டுமே ஓடுகிறது என்றால், கெர்னலையும் டிடிபியையும் பல கோப்புகளை ஒன்றாக அடக்கும் எஃப்ஐடி இமேஜாகக் கட்டி, ஒன்றாகவே கையொப்பமிட்டு அனுப்புங்கள். இரண்டும் என்றும் பொருந்தியே இருக்கும். உங்கள் நிலையில் நான் இதைத்தான் தயங்காமல் தேர்ந்தெடுப்பேன். வேறு இயங்குதளங்களையும் நிறுவிக்கொள்ளலாம் என்று சொல்லி விற்கும் போர்டானால் இந்த வழி போதாது. ஃபர்ம்வேர் தன் கடமையைச் செய்தே ஆக வேண்டும்.

கேள்வி: யூ-பூட்டில் ஒரு டிடிஎஸ், கெர்னலில் ஒரு டிடிஎஸ் என்று ஒரே போர்டுக்கு இரண்டு பிரதிகளை வைத்துத் திருத்திக்கொண்டிருக்கிறோம். இரண்டும் விலகிக்கொண்டே போகின்றன. ஒன்றாக்க வழி உண்டா?

உண்டு, இப்போது முன்பைவிட நல்ல வழியாகவே இருக்கிறது. லினக்ஸ் கெர்னல் மூலத்திலிருந்து டிவைஸ் ட்ரீ கோப்புகளையும் பைண்டிங்குகளையும் (ஒவ்வொரு சாதனத்துக்கும் என்ன எழுதலாம் என்ற விதிகள்) மட்டும் பிரித்தெடுத்து, டிவைஸ்ட்ரீ-ரீபேசிங் என்ற தனிக் கிட் களஞ்சியமாக நெடுங்காலமாகவே வெளியிட்டு வருகிறார்கள். 2024-இல் யூ-பூட் அந்தக் களஞ்சியத்தைத் தன் மூலத்துக்குள் ஒரு துணைக் கோப்பகமாகச் சேர்த்துக்கொண்டது. அதற்கான கட்டமைப்பு விருப்பத்தை இயக்கினால், உங்கள் போர்டின் கோப்பு நேரடியாக அங்கிருந்தே கம்பைல் ஆகும். கையால் நகலெடுக்கும் வேலை இல்லை.

யூ-பூட்டுக்கு மட்டுமே தேவையான சில வரிகள் எப்போதும் இருக்கும். துவக்கத்தின் எந்தக் கட்டத்தில் எந்த முனை (மரத்தில் ஒரு சாதனத்துக்கான பதிவு) வேண்டும் என்று சொல்லும் பூட்பிஎச் குறிப்புகள் அவற்றில் முக்கியமானவை. 2023 வாக்கில் இவை டிவைஸ் ட்ரீயின் பொது விதித்தொகுப்பில் (ஸ்கீமா) இடம்பெற்றுவிட்டதால், கெர்னலில் உள்ள மூலக் கோப்பிலேயே எழுதலாம். அங்கே ஏற்கப்படாதவற்றை மட்டும், யூ-பூட் என்று பெயரில் முடியும், டிடிஎஸ்ஸோடு சேர்க்கப்படும் சிறிய டிடிஎஸ்ஐ கோப்பில் வையுங்கள். அந்தக் கோப்பு வெளியீட்டுக்கு வெளியீடு வளர்ந்துகொண்டே போனால், மெயின்லைனுக்கு (லினக்ஸின் பொது மூலத்துக்கு) அனுப்ப வேண்டிய ஏதோ ஒன்று உங்களிடம் தேங்கிக் கிடக்கிறது என்று பொருள்.

இதற்கெல்லாம் முதல் படி, உங்கள் போர்டின் டிடிஎஸ் மெயின்லைன் கெர்னலில் ஏற்கப்பட்டிருப்பது. அனுப்பும்போது ஜிபிஎல் மட்டும் என்று இடாமல், ஜிபிஎல் அல்லது எம்ஐடி என்று இரட்டை உரிமம் இடுங்கள். லினக்ஸிலிருந்து இந்தக் கோப்புகளை எடுத்துக்கொள்ளும் ஃப்ரீபிஎஸ்டி போன்ற திட்டங்களுக்கு அது பெரிய உதவி.

கேள்வி: எங்கள் டிரைவருக்கு டிவைஸ் ட்ரீயில் ஒரு புதிய ப்ராப்பர்ட்டி (சாதனத்தின் பண்பைச் சொல்லும் வரி) தேவைப்படுகிறது. பைண்டிங்கில் சேர்த்து, கட்டாயம் என்று குறித்து அனுப்பினோம். பழைய டிடிபிக்களை இது உடைக்கும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாங்கள் எல்லாப் போர்டுகளின் டிடிஎஸ் கோப்புகளையும் அதே பேட்ச் வரிசையில் திருத்தியிருக்கிறோமே?

நீங்கள் திருத்தியவை கெர்னல் மூலத்தில் இருக்கும் கோப்புகள். ஃபர்ம்வேரில் பதிந்து, ஏற்கெனவே விற்கப்பட்ட கருவிகளில் இருக்கும் கோப்புகளை அந்தப் பேட்ச் எட்டாது. வெளியான கெர்னலில் இடம்பெற்ற பைண்டிங் ஓர் உடன்படிக்கை. பழைய டிடிபியோடு புதிய கெர்னல் துவங்கியே தீர வேண்டும் என்பது மெயின்லைனின் நிலையான எதிர்பார்ப்பு. ஆகவே புதிய ப்ராப்பர்ட்டியை விருப்பத்துக்குரியதாக வைத்து, அது இல்லாதபோது டிரைவர் இதுவரை நடந்துகொண்டபடியே நடக்குமாறு எழுதுங்கள்.

எதிர்த்திசையையும் கவனியுங்கள். புதிய டிடிபியைப் பழைய கெர்னலோ வேறு இயங்குதளமோ படிக்க நேரும்போது உதவுவது கம்பாட்டிபிள் வரிசை, அதாவது சாதனம் எந்த வகைகளோடு பொருந்தும் என்று சொல்லும் பெயர்ப் பட்டியல். ஆல்வின்னர் ஏ64 சிப்பின் ஐ2சி கட்டுப்படுத்திக்கு முதலில் ஏ64-இன் பெயரும், அதன்பின் அதே வகையைச் சேர்ந்த பழைய ஏ31-இன் பெயரும் எழுதப்பட்டிருக்கின்றன. ஏ31-ஐ மட்டும் அறிந்த டிரைவரும் அதை இயக்கிவிடும். பின்னாளில் ஏ64-இல் மட்டும் ஒரு குறை தெரியவந்தால், டிடிபியைத் தொடாமலே டிரைவரில் அதற்கு வழிசெய்யலாம். பழைய பெயரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தியிருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும்.

டிரைவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற விருப்பங்களைப் பைண்டிங்கில் நுழைக்காதீர்கள்; பஃபரின் அளவு, போலிங் இடைவெளி போன்றவை வன்பொருளின் பண்புகள் ஆகா. அனுப்புவதற்கு முன் டிடிபிஎஸ்-செக் இலக்கை ஓட்டிப் பாருங்கள். பைண்டிங்குகள் யாமல் வடிவத்துக்கு மாறத் தொடங்கியதிலிருந்து, மனிதர்கள் கண்ணால் தேடிக்கொண்டிருந்த பிழைகளில் பெரும்பகுதியை அது சொல்லிவிடுகிறது. பிஎச்ஒய்-மோட் போன்ற வரியில் எழுதியது உண்மையா என்பதை மட்டும் எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது. அதற்குப் போர்டின் சர்க்யூட் வரைபடத்தைத்தான் திறக்க வேண்டும்.

கேள்வி: ராஸ்பெரி பை அமைப்பில் வேலை செய்யும் ஓவர்லே கோப்பு, அதே போர்டில் மெயின்லைன் கெர்னலின் டிடிபியோடு சேரவில்லை. ஓவர்லேயில் என்ன தவறு?

பெரும்பாலும் ஓவர்லேயில் தவறு இருக்காது. அடிப்படை டிடிபியின் மேல் சேர்க்கப்படும் சிறு கோப்பான ஓவர்லே, தான் ஒட்ட வேண்டிய முனையை அடிப்படைக் கோப்பில் உள்ள லேபிளைக் கொண்டு தேடுகிறது. அடிப்படை டிடிபியை லேபிள்களின் பட்டியலோடு கம்பைல் செய்யாவிட்டால் தேடுவதற்கே ஒன்றும் இருக்காது. டிடிசிக்கு அதற்கென்று தனி விருப்பம் உண்டு. பட்டியல் இருந்தாலும், ராஸ்பெரி பை நிறுவனத்தின் கெர்னலில் உள்ள கோப்புகளும் மெயின்லைன் கோப்புகளும் லேபிள்களில் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. ஓவர்லேயை மூலமாகத் திறந்து, அது கேட்கும் ஒவ்வொரு லேபிளும் நீங்கள் பயன்படுத்தும் டிடிபியில் லேபிள்களின் பட்டியலான சிம்பல்ஸ் முனையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத இடத்தில் லேபிளுக்குப் பதிலாக முனையின் முழுப் பாதையை எழுதலாம்.