எட்டாம் நம்பர் யாருக்கு?

கேள்வி: பழைய பிசி ஒன்றில் ஓட்ட, சொந்தமாக ஒரு 32 பிட் கர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் புரோகிராம்) எழுதிப் பழகுகிறேன். இன்டரப்ட்டை (டைமர், கீபோர்டு போன்றவை புராசசரைக் கூப்பிடும் அழைப்பை) திறந்துவிட்ட மறுகணமே திரையில் ‘டபுள் ஃபால்ட், எரர் கோட் 1053142’ என்று வந்து மெஷின் நின்றுவிடுகிறது. இன்டரப்ட் நம்பர்களையும் முன்னுரிமையையும் எப்படித்தான் வரையறுப்பது?
– கல்லூரி மாணவர், கீழக்கரை

பதில்: தம்பி, எரர் கோடையும் சேர்த்து எழுதி அனுப்பினீர்கள் பாருங்கள், அதுதான் குட்டை உடைத்துவிட்டது. டபுள் ஃபால்ட் என்பது ஒரு பிழையைக் கவனிக்கப் போகும்போதே இன்னொரு பிழை வருவது. நிஜமான டபுள் ஃபால்ட்டுக்கு புராசசர் ஸ்டாக்கில் (அது தற்காலிகமாகக் குறித்துவைக்கும் மெமரி இடத்தில்) தள்ளும் எரர் கோட் எப்போதும் 0. 1053142 என்பது எரர் கோடே இல்லை, உங்கள் கர்னலுக்குள் இருக்கும் ஒரு விலாசம். வழக்கம்போல மெமரியின் 1 எம்பியில், அதாவது 1048576-இல் கர்னலை ஏற்றியிருப்பீர்கள். அதற்குச் சற்றுத் தள்ளி கோட் ஓடிக்கொண்டிருந்தபோது டைமரின் இன்டரப்ட் குறுக்கே வந்திருக்கிறது. டைமர் எரர் கோட் எதையும் தள்ளாது. திரும்பிப் போகவேண்டிய விலாசத்தை உங்கள் ஹேண்ட்லர், அதாவது டபுள் ஃபால்ட்டைக் கவனிக்க நீங்கள் எழுதிய கோட், எரர் கோட் என்று வாசித்துவிட்டது.

சரி, டைமர் ஏன் டபுள் ஃபால்ட்டின் வாசலுக்கு வந்தது? இன்டரப்ட் நம்பர்களில் 0 முதல் 31 வரை தன் சொந்த உபயோகத்துக்கு என்று புராசசர் செய்யும் இன்டெல் ஒதுக்கிவைத்திருந்தது. 1981-இல் பிசியைக் கொண்டுவந்த ஐபிஎம் அதைச் சட்டை செய்யாமல் டைமரை 8-இலும் கீபோர்டை 9-இலும் உட்கார வைத்தது. அடுத்த வருஷம் வந்த இன்டெலின் 80286 புராசசர், அதே 8-ஐ டபுள் ஃபால்ட்டுக்கு எடுத்துக்கொண்டது. சேது எக்ஸ்பிரஸில் ஒரே பெர்த்துக்கு இரண்டு பேர் டிக்கெட்டோடு நிற்கிற கதைதான். ஆகவே, இன்டரப்ட்டைத் திறப்பதற்கு முன்பே கருவிகளின் இன்டரப்ட்டைப் புராசசருக்குக் கடத்தும் இரண்டு 8259 சில்லுகளையும் புதிதாகத் துவக்கி, முதல் சில்லின் எட்டுக் கம்பிகளை 32 முதலும் இரண்டாவதின் எட்டை 40 முதலும் வரச் செய்யுங்கள்.

முன்னுரிமைக்கு வருவோம். பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். மொத்தத்தில் நம்பர் ஏற ஏற ஆபத்து என்றுதான் நாம் படிக்கிறோம். ஆனால் 5-க்கும் 6-க்கும் உள்ள வித்தியாசம், புயல் துறைமுகத்துக்கு இடப்பக்கம் கடக்கிறதா வலப்பக்கம் கடக்கிறதா என்பது. 11 என்றால் 10-ஐவிடப் பெரிய புயல் இல்லை, வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துபோயிற்று என்று அர்த்தம். பெயரும் தரமும் ஒரே எண்ணில் கலந்து கிடக்கின்றன. இன்டரப்ட்டிலும் இதே குழப்பம் உண்டு. 8259-இல் கம்பி நம்பர் குறையக் குறைய அவசரம் கூடும். அதிலும் இரண்டாவது சில்லு முதல் சில்லின் 2-ஆம் கம்பியில் தொங்குவதால் வரிசை 0, 1, அப்புறம் 8 முதல் 15, அதற்குப் பிறகுதான் 3 முதல் 7. 8259-இன் வேலைக்குப் பின்னால் வந்த ஏபிஐசியில் எல்லாம் தலைகீழ்: வெக்டர் எண்ணை, அதாவது இன்டரப்ட் நம்பரை, 16-ஆல் வகுத்தால் வருவதுதான் முன்னுரிமை, பெரியது முந்தும்.

நானே இதில் அடிபட்டவன். மண்டபத்தில் ஒரு ஐஸ் கம்பெனிக்கு, தண்ணீர் மீட்டரின் துடிப்புகளை எண்ணும் போர்டு ஒன்று கார்ட்டெக்ஸ் எம் என்ற வகைச் சின்ன புராசசர் சில்லில் செய்து கொடுத்தேன். அங்கேயும் சின்ன எண்தான் அவசரம். மீட்டருக்கு 2, டிஸ்ப்ளேவுக்கு 5 என்று முன்னுரிமை ரிஜிஸ்டரில் (சில்லுக்குள் எண்ணைப் பதியும் இடத்தில்) நேராக எழுதினேன். டிஸ்ப்ளே மாறும்போதெல்லாம் துடிப்பு தவறியது. இரண்டு நாள் ஒயரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் ரிஜிஸ்டரைத் திரும்பப் படித்தால் இரண்டிலும் 0! அந்தச் சில்லில் எட்டு பிட்டில் மேல் நான்குதான் உண்டு. கீழ் நான்கில் எழுதியது காற்றோடு போய்விடும். நான்கு இடம் தள்ளி 32, 80 என்று எழுதியதும் கணக்கு சரியாயிற்று.

அதனால் 32, 40 என்று வெறும் எண்களைக் கோட் முழுக்கத் தூவாதீர்கள். ஒரே ஒரு ஹெடர் ஃபைலில் பெயர் கொடுங்கள். வெக்டருக்கு ஒரு பட்டியல், முன்னுரிமைக்குத் தனியாக இன்னொன்று. சில்லுக்கு ஏற்ற தள்ளல், தலைகீழாக்கல் எல்லாம் ஒரே ஃபங்ஷனுக்குள் அடங்கட்டும்.

கேள்வி: என் கர்னலில் கீபோர்டின் முதல் சாவி மட்டும் வேலை செய்கிறது. டைமர் நன்றாக ஓடுகிறது.
– வாசகி, தொண்டி

பதில்: வேலை முடிந்தது என்று 8259-க்குச் சொல்ல மறந்திருப்பீர்கள், அம்மா. 32-ஆம் போர்ட்டில் (அந்தச் சில்லோடு பேசும் வாசலில்) 32 என்று எழுதவேண்டும். எழுதாதவரை அது கீபோர்டையும் அதற்குக் கீழே உள்ளவற்றையும் நிறுத்திவைக்கும். டைமர் கீபோர்டுக்கு மேலே இருப்பதால் தப்பித்துப் போகிறது. எழுதியும் சரியாகவில்லையென்றால், 96-ஆம் போர்ட்டிலிருந்து சாவியின் கோடை ஹேண்ட்லர் படிக்கிறதா என்று பாருங்கள். படிக்காத வரை அடுத்த சாவி வராது.